இரவல் பாத்திரங்கள்: பலர் சேர்ந்து எழுதும் மிகைபுனைவு உலகம் எப்படி உருவாகிறது, யாருக்குச் சொந்தமாகிறது

2020 அக்டோபரில் மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் என்ற இரண்டு அமெரிக்க நாவலாசிரியர்கள் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 'டிராகன்லான்ஸ்' என்ற மிகைபுனைவு (ஃபேன்டஸி) உலகத்தில் புதிதாக மூன்று நாவல்கள் எழுத ஒப்பந்தம் போட்டுவிட்டு, வேலை நடந்துகொண்டிருக்கும்போதே இனி எந்தப் பிரதிக்கும் ஒப்புதல் தர மாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது என்பது அவர்களுடைய புகார். கேட்ட இழப்பீடு 1 கோடி டாலருக்கும் மேல். 1984-ல் அந்த உலகத்தின் முதல் நாவலை எழுதியவர்களே இவர்கள்தான். அப்படியிருக்க, தாங்கள் உருவாக்கிய நாட்டுக்குள் மறுபடி கால்வைக்க இன்னொருவரிடம் ஏன் ஒப்புதல் வாங்க வேண்டும்? செய்தியைப் படிக்கும் யாருக்கும் இந்தக் குழப்பம் வரும்.

விடை வேண்டுமென்றால், பலர் கூடி எழுதும் கதையுலகம் எப்படிக் கட்டப்படுகிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும். வரைபடம், மந்திரம், டிராகன் எல்லாம் அப்புறம். ஒருவர் படைத்த பாத்திரத்தை இன்னொருவர் எடுத்து எழுதலாமா, எழுதினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் முதல் கேள்வி. இதற்கான பதிலை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்ட குழுக்கள் தாக்குப்பிடித்திருக்கின்றன. பேசிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பின்னால் மனக்கசப்போடுதான் பேச வேண்டிவரும்.

## எது கூட்டுக் கதையுலகம்

ஒரே கற்பனை உலகம், ஒரே வரலாறு, ஒரே வரைபடம். அதற்குள் பல எழுத்தாளர்கள் தத்தம் பெயரில், தத்தம் கதையை எழுதுகிறார்கள். ஒருவர் கதையில் நடந்தது மற்றவர் கதையிலும் நடந்ததாகவே இருக்கும். இதைக் கூட்டுக் கதையுலகம் என்போம். இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளப்படும் மூன்று விஷயங்கள் உண்டு.

1. விட்ட இடத்திலிருந்து முடித்துவைப்பது. ராபர்ட் ஜோர்டன் 2007-ல் இறந்த பிறகு, அவர் முடிக்காமல் விட்ட நீண்ட தொடரை பிராண்டன் சாண்டர்சன் முடித்தார். அங்கே உலகம் கைமாறியது. ஒரே நேரத்தில் பலரும் அதைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

2. ஒரே புனைபெயருக்குப் பின்னால் பலர். பூனைக் கூட்டங்களை வைத்து 2003 முதல் வரும் 'வாரியர்ஸ்' தொடரின் அட்டையில் எரின் ஹன்டர் என்று இருக்கும். அப்படி ஒருவர் கிடையாது. கதைத் திட்டம் ஒருவரிடமிருந்து வர, எழுதுவது வேறு சிலர்.

3. ரசிகர் புனைவு. உரிமையாளரின் அனுமதி இல்லாமல், ஆசைக்காக எழுதுவது. இதில் எவ்வளவு நல்ல கதை வந்தாலும் மூல உலகம் அதை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தக் 'கட்டாயம்'தான் இங்கே கோடு போடுகிறது. என் கதையில் நான் ஒரு பாலத்தை இடித்தால், அடுத்த கதையில் நீங்கள் படகில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும்.

## நட்பில் தொடங்கிய பழக்கம்

1930களில் ஹெச்.பி. லவ்கிராஃப்ட், கிளார்க் ஆஷ்டன் ஸ்மித், ராபர்ட் ஈ. ஹோவர்ட் ஆகியோர் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் எழுதிவந்தார்கள். ஒருவர் கற்பனை செய்த தெய்வத்தையும் சாபம் பிடித்த நூலையும் மற்றவர் தன் கதையில் சும்மா போகிறபோக்கில் குறிப்பிடுவார். ஒப்பந்தமோ கையேடோ கிடையாது. கடிதப் போக்குவரத்து மட்டும்தான்.

அந்தக் கடிதங்களில் ஒன்று இன்றைக்கும் படிக்கச் சுவையானது. பதின்ம வயது முடியாத ராபர்ட் பிளாக், லவ்கிராஃப்டையே ஒரு பாத்திரமாக்கிக் கதையில் கொன்றுவிட ஆசைப்பட்டார். லவ்கிராஃப்ட் 1935 ஏப்ரல் 30 தேதியிட்டு எழுத்துமூலம் அனுமதி கொடுத்தார். அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாம் கற்பனை மனிதர்கள். அவர்களில் ஸ்மித்தும் ஹோவர்டும் படைத்த ஆட்களும் உண்டு. பிளாக்கின் கதை அதே ஆண்டு வந்தது. பதிலுக்கு லவ்கிராஃப்ட், பிளாக்கை நினைவுபடுத்தும் பெயரில் ஒருவனைப் படைத்துத் தன் கதையில் சாகடித்தார். விளையாட்டாகச் செய்தது என்றாலும், அந்தத் தாளில் கூட்டுலகத்தின் முழு ஒழுங்கும் இருக்கிறது. கொல்வதற்கு முன் கேள். கொடுத்த அனுமதியை எழுத்தில் கொடு.

பெயருள்ள பாத்திரம் இருந்தால்தான் இந்தச் சிக்கலே. நம் அகப்பாட்டை நினைத்துப் பாருங்கள். குறுந்தொகையில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட புலவர்கள். எல்லாரும் ஒரே ஐந்திணை உலகத்துக்குள்தான் பாடுகிறார்கள். எந்த நிலத்துக்கு எந்தப் பொழுது, எந்தப் பூ, எந்த உணர்வு என்பது முன்பே முடிவான மரபு. ஆனால் தலைவன், தலைவி, தோழி, செவிலி யாருக்கும் பெயர் கிடையாது. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டக்கூடாது என்றே தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் இல்லாததால் தலைவி யாருக்கும் தனிச்சொத்து ஆகவில்லை. யார் வேண்டுமானாலும் அவள் குரலில் பாடலாம். நவீன மிகைபுனைவு தன் வீரனுக்குப் பெயர், தழும்பு, பழைய பகை என எல்லாம் கொடுத்து அவனை ஒருவருடைய உடைமை ஆக்கிவிட்டது. அதனால் இரவலுக்கு விதி தேவைப்படுகிறது.

## ஒரு நகரம், பல எழுத்தாளர்கள்

திட்டமிட்டுக் கட்டிய கூட்டு மிகைபுனைவுக்கு 'தீவ்ஸ் வேர்ல்ட்' முன்மாதிரி. 1978-ல் பாஸ்டனில் நடந்த ஒரு மாநாட்டையொட்டி, இரவு உணவின்போது ராபர்ட் லின் ஆஸ்ப்ரின், லின் ஆபி, கோர்டன் டிக்சன் மூவரும் பேசிக்கொண்டிருந்ததில் யோசனை பிறந்தது. ஒவ்வொரு மிகைபுனைவுக் கதைக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு உலகத்தையே கட்டவேண்டியிருக்கிறதே, நம் எல்லாருடைய வீரர்களும் ஒரே ஊரில் இருந்தால் என்ன என்பதுதான் பேச்சு. 1979-ல் முதல் தொகுப்பு வந்தது. 1989-க்குள் பன்னிரண்டு தொகுப்புகள் ஆயின.

ஊரின் பெயர் சேங்க்சுவரி. பேரரசின் ஓரத்தில் கிடக்கும் ஒரு கேடுகெட்ட நகரம். இந்தத் தேர்வில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. கண்டம் ஒன்றைக் கொடுத்திருந்தால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். யாருடைய பாத்திரமும் யார் மேலும் மோதியிருக்காது. நகரம் என்றால் தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்துத்தான் ஆகவேண்டும். 'வல்கர் யூனிகார்ன்' என்ற மதுக்கடை அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்தது. அதை நடத்தும் 'ஒற்றைக் கட்டைவிரல்' ஜோ ஹால்டிமனின் பாத்திரம். ஆனால் அங்கே வந்து குடிப்பவர்கள் எல்லா எழுத்தாளர்களின் ஆட்களும். ஒருவருடைய கதாநாயகன் இன்னொருவர் கதையில் மூலை மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். ஒரு வரிதான். ஆனால் வாசகருக்கு ஊர் உயிரோடு இருப்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும்.

இரவலுக்கான விதி எளிது. அடுத்தவர் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம். படைத்தவரைக் கேட்காமல் கொல்லக்கூடாது. ஆளையே திருத்தி வேறு மனிதனாக்கவும் கூடாது. இரண்டாவது பகுதி முதலாவதைவிட முக்கியமானது என்பேன். கொலை கண்ணுக்குத் தெரியும், சண்டை போட்டு நிறுத்திவிடலாம். திருடனை யாரோ ஒருவர் சத்தமில்லாமல் நல்லவனாக்கிவிட்டால் அவனைப் படைத்தவர் அடுத்த கதையை எங்கிருந்து தொடங்குவார்?

விதி இருந்தும் ஒரு நோய் இந்தத் தொடரைப் பிடித்தது. முதல் தொகுப்பில் சில்லறைத் திருடர்களும் ஏமாற்றுக்காரர்களும் மையத்தில் இருந்தார்கள். இரண்டாம் தொகுப்பில் ஜேனட் மோரிஸின் டெம்பஸ் வந்தான், சாவே இல்லாத போர்வீரன். அடுத்தடுத்து வலிமைமிக்க சூனியக்காரிகள், படைகள், தெய்வங்களின் சண்டை. ஒருவர் பெரிய ஆளைக் கொண்டுவந்தால் அடுத்தவர் அவனைச் சமாளிக்க இன்னும் பெரிய ஆளைக் கொண்டுவருகிறார். பூட்டை உடைக்கத் தெரிந்த பையனுக்கு அப்புறம் கதையில் என்ன வேலை? கூட்டுலகங்கள் தேய்வதற்கு இந்த வலிமைப் பந்தயம் ஒரு பெரிய காரணம். இதைத் தடுக்கும் துணிச்சல் தொகுப்பாசிரியருக்கு வேண்டும்.

## மந்திரத்துக்குக் கடிவாளம்

வலிமைப் பந்தயத்தைத் தடுக்கச் சிறந்த வழி, மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதையே எல்லைக்குள் அடைத்துவிடுவது. வில் ஷெட்டர்லியும் எம்மா புல்லும் தொகுத்த 'லியாவெக்' தொடர் (1985 முதல் ஐந்து தொகுப்புகள்) இதை அழகாகச் செய்தது. அங்கே மந்திர ஆற்றல் என்பது ஒருவரின் அதிர்ஷ்டம். பிறந்தநாளன்று, தாய் எத்தனை மணிநேரம் பிரசவ வலியில் இருந்தாரோ அந்த அளவு நேரம்தான் அது கைக்கு எட்டும். அந்த நேரத்துக்குள் ஆற்றலை ஒரு பொருளுக்குள் ஏற்றிவிட வேண்டும். ஏற்றினால் ஆண்டு முழுக்க மந்திரம். பொருள் தொலைந்தால் எல்லாம் போயிற்று.

இந்த ஒரு விதி எத்தனை கதைகளைத் தருகிறது பாருங்கள். பிறந்தநாளை மறைப்பவர், பொருளைத் திருட வருபவர், தாயின் வலி குறைந்த நேரமே நீடித்ததால் வாய்ப்புக் குறைந்தவர். இப்படி எழுத வருபவருக்குக் கதையையும் கொடுத்து, உலகத்தை உடைக்கும் சக்தியையும் பறித்துக்கொள்வதுதான் நல்ல விதி.

## முரண்பாடு வந்தால் என்ன செய்வது

இங்கே மூன்று சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 'உலகக் கையேடு' என்பது எழுத்தாளர்களுக்குள் சுற்றும் குறிப்பு: காலவரிசை, ஊர்ப்பெயர்கள், தூரங்கள், நாணயம், தெய்வங்கள், வசவுச் சொற்கள்கூட. 'கேனன்' என்பது நடந்ததாக அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டவை. 'ரெட்கான்' என்பது முன்பு எழுதியதைப் பின்னால் வந்து மாற்றுவது, அல்லது அதற்கு வேறு பொருள் கொடுப்பது.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தாளர் தன் கதையில் குளிர்காலத்தில் மதுக்கடையை எரித்துவிடுகிறார். இரண்டாமவர், அது தெரியாமல், அடுத்த வசந்தத்தில் அதே கடையின் மரத்தூணில் கத்தி குத்தி நிற்பதாக ஒரு நல்ல காட்சி எழுதிவிட்டார். இரண்டு கதைகளும் தொகுப்பாசிரியர் மேசையில் இருக்கின்றன. அவருக்கு முன்னால் உள்ள வழிகள்:

1. இரண்டாவது கதையின் காலத்தை எரிப்புக்கு முந்திய இலையுதிர்காலத்துக்கு நகர்த்துவது. மலிவான வழி. ஆனால் கதையில் பூத்திருந்த மரங்களை எல்லாம் தேடித்தேடி உதிர்க்க வேண்டும்.

2. கடை திரும்பக் கட்டப்பட்டதாக ஒரு வரி சேர்ப்பது. அப்போது தூண் புதிதாக இருக்க வேண்டும். பழைய கத்திக்குறிகள் இருக்கக்கூடாது. காட்சியின் அழகே அந்தப் பழங்குறிகளில் இருந்தால் இது உதவாது.

3. முதல் கதையில் தீ பாதியில் அணைந்ததாக மாற்றுவது. அதற்கு முதலாமவர் சம்மதிக்க வேண்டும்.

4. அப்படியே விட்டுவிடுவது.

நான்காவது வழி சோம்பேறித்தனம்போலத் தெரியும். ஆனால் ஆஸ்ப்ரின் அதை ஒரு கலையாக்கினார். முதல் தொகுப்பின் தொகுப்பாசிரியர் குறிப்பிலேயே, கதைகளுக்கிடையே முரண் தெரிந்தால் அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று வாசகரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கதையும் ஒவ்வொரு ஆளின் பார்வை. போதாக்குறைக்கு இந்த ஊர்க்காரர்கள் உண்மை பேசுவதற்குப் பேர்போனவர்கள் அல்ல. சந்தையில் கதை சொல்லிப் பிழைக்கும் ஹக்கீம் என்ற பாத்திரமும் ஊருக்குள்ளேயே இருக்கிறார். சின்ன முரண்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் செத்தவர் எழுந்து வருவதற்கும், ஆண்டுக்கணக்கு உதைப்பதற்கும் இது போதாது. அங்கே கையேட்டைத்தான் திறக்க வேண்டும்.

இன்னும் கடினமான முறையும் உண்டு. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் தொகுக்கும் 'வைல்ட் கார்ட்ஸ்' (1987 முதல்) மீவீரர் (சூப்பர்ஹீரோ) கதைகள்தான், மிகைபுனைவுக்குப் பக்கத்து வீடு. நண்பர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கூடி ஆடிய பாத்திர விளையாட்டிலிருந்து வளர்ந்தது. அதன் மூன்றாவது புத்தகம் மொசைக் நாவல். பலர் எழுதிய பகுதிகளைத் தனிக்கதைகளாக வைக்காமல், ஒரே நாளில் நடப்பதாக மணிநேரக் கணக்கில் வெட்டிப் பின்னி ஒரே நாவலாக்கினார்கள். ஒருவர் தன் ஆளை ஒரு மணிநேரம் தாமதப்படுத்தினால், அவனைச் சந்திக்க வேண்டிய மற்றவர்களின் பக்கங்களும் மாறும். தொகுப்பாசிரியருக்கு அங்கே பாதி நூலாசிரியரின் உழைப்பு.

## சரி, யாருக்குச் சொந்தம்

பதிப்புரிமைச் சட்டம் வெறும் யோசனையைக் காப்பதில்லை. 'திருடர்கள் நிறைந்த நகரம்' யாரும் எழுதலாம். ஒருவர் அதை எழுத்தில் வடித்த விதத்தையும், தனித்துவத்தோடு உருவான பாத்திரத்தையும் காக்கும். இதை வைத்து மூன்று வகை ஏற்பாடுகள் நடைமுறையில் உள்ளன.

1. பாத்திரம் படைத்தவருக்கே. உலகம் பொது, ஆள் தனி. மரியன் ஜிம்மர் பிராட்லி சேங்க்சுவரிக்காகப் படைத்த லிதாண்டேயைப் பிறகு வெளியே கூட்டிப்போய்த் தனிக் கதைகள் எழுதினார். போல் ஆண்டர்சனின் கேப்பன் வாரா எதிர்த்திசையில் வந்தவன். 1957-லேயே வேறொரு கதையில் பிறந்து, பிறகு சேங்க்சுவரிக்குள் வந்தவன்.

2. எல்லாம் நிறுவனத்துக்கு. அமெரிக்கச் சட்டத்தில் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்குச் சட்டப்படி 'ஆசிரியர்' முதலாளிதான். வெளியாள் எழுதும் சில வகைப் படைப்புகளையும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மூலம் இப்படி ஆக்கலாம். சாதாரணமாக உரிமையை எழுதிக்கொடுத்தவர் 35 ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு. இந்த வகைக்கு அந்த வழியும் இல்லை.

3. திறந்த உரிமம். யாரும் எடுத்து எழுதலாம், எழுதியதையும் அதே உரிமத்தில் திறந்துவிட வேண்டும். 2007-ல் தொடங்கிய 'எஸ்சிபி' என்ற இணையத் திகில் உலகம் இப்படி வளர்ந்தது. ஏராளமானவர்களை உள்ளே இழுக்கும். யாரும் தனியாக மொத்தத்தையும் விற்க முடியாது.

டிராகன்லான்ஸின் முடிச்சு இரண்டாவது வகையில் இருக்கிறது. டிரேசி ஹிக்மனும் அவர் மனைவி லாராவும், டிஎஸ்ஆர் என்ற விளையாட்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர விஸ்கான்சினுக்குக் காரில் போகும் வழியில் பேசிப்பேசி அந்த உலகத்தின் கருவை உருவாக்கினார்கள். வைஸ் அதே நிறுவனத்தில் பதிப்பாசிரியர். உலகம் நிறுவனத்தின் சொத்தாக வளர்ந்தது. 1997-ல் டிஎஸ்ஆரை விசர்ட்ஸ் வாங்கியது, 1999-ல் விசர்ட்ஸைப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஒவ்வொரு விற்பனையிலும் அந்த உலகமும் கைமாறியது. எழுதியவர்கள் அதில் பங்காளிகள் கிடையாது. இது சட்டப்படி சரி. நியாயப்படி எனக்கு வலிக்கிறது. காரில் இரண்டு பேர் பேசி உண்டாக்கியதை, அவர்கள் முகம் பார்த்திராத ஒரு நிறுவனம் நிறுத்திவைக்க முடிகிறது.

## விளையாட்டு மாறினால் உலகமும் மாறும்

நிறுவன உலகத்தின் இன்னொரு விளைவு, கதைக்கு வெளியே எடுத்த முடிவு கதைக்குள் இடியாக இறங்குவது. எட் கிரீன்வுட் சிறுவயதில் கற்பனை செய்யத் தொடங்கிய 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' 1987-ல் டிஎஸ்ஆரின் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திர விளையாட்டுக்கான உலகமாக வந்தது. அதே ஆண்டு டக்ளஸ் நைல்ஸ் அதில் முதல் நாவலை எழுதினார். ஆர்.ஏ. சால்வடோர் என்ற புதியவர் அதைப் படித்துவிட்டு, நைல்ஸ் எழுதிய தீவுகள்தான் மொத்த உலகம் என்று நினைத்து, நைல்ஸின் பாத்திரம் ஒருவனைத் துணையாக வைத்துத் தன் கதையை அனுப்பினார். அந்தப் பாத்திரம் கிடைக்காது, கதையை வேறு எங்காவது வைத்துக்கொள் என்றது பதிப்பகம். பிறகு ஒருநாள் பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். நாயகனுக்குப் புதிய துணைவன் உடனே வேண்டும், கூட்டத்துக்குப் போகிறேன் என்றார். சால்வடோர் அந்தக் கணத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்: ஒரு கரிய எல்ஃப் (கதைகளில் வரும் மாய இனத்தான்). டிரிஸ்ட் என்ற அந்தத் துணைவன் 1988-ல் அச்சில் வந்தான். நாயகனை ஓரங்கட்டிவிட்டு அந்த உலகத்திலேயே புகழ்பெற்றவன் ஆனான். இரவல் மறுக்கப்பட்டதால் பிறந்தவன் அவன்.

அதே டிரிஸ்டுக்கு 2008-ல் அடி விழுந்தது. விளையாட்டின் நான்காம் பதிப்புக்காக உலகத்தின் காலம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னே தள்ளப்பட்டது. மந்திரமே குலையும் ஒரு பேரழிவு கதைக்குள் காரணமாகச் சொல்லப்பட்டது. எல்ஃப் நீண்டநாள் வாழ்வான். அவன் மனித நண்பர்கள்? இருபது ஆண்டுகளாக அவர்களோடு வாழ்ந்த வாசகர்கள், ஒரு விதிப்புத்தகம் மாறியதற்காக அவர்களை இழந்தார்கள். 2013-ல் தொடங்கி ஆறு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு நாவலாக எழுதிய தொடர் உலகத்தை ஓரளவு பழைய நிலைக்கு இழுத்து வந்தது. அதன் முதல் நாவலில் சால்வடோர் அந்த நண்பர்களை மறுபிறவியில் மீட்டார். கூட்டுலக வாசகர்கள் "இவர் செத்துவிட்டாரே, எப்படி வந்தார்" என்று குழம்பும்போது, பல நேரம் காரணம் கதையாசிரியரிடம் இருக்காது. விளையாட்டு எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

## சேர்ந்து எழுத உட்காருபவர்களுக்கு

முதல் கூட்டத்திலேயே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டியவை சில உண்டு. ஒருவர் விலகினால் அவர் பாத்திரம் அவரோடு போகுமா, ஊரில் தங்குமா? தங்கினால் யார் எழுதலாம்? ஒருவர் இறந்தால் அவர் சார்பில் யார் பேசுவது? படமாகவோ விளையாட்டாகவோ விலைபோனால் பங்கு சொற்களின் எண்ணிக்கைப்படியா, பாத்திரங்கள் வந்துபோகும் அளவுப்படியா? முரண் வந்தால் கடைசிச் சொல் யாருடையது? கடைசிக் கேள்விக்கு 'எல்லாரும் சேர்ந்து' என்பது பதிலாகாது. ஒரு பெயர் வேண்டும்.

வைஸும் ஹிக்மனும் 2020 டிசம்பரில் வழக்கைத் தாங்களாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். புதிய மூன்று நாவல்களில் முதலாவது 2022 ஆகஸ்டில் வெளிவந்தது. டிராகன்லான்ஸ் என்ற பெயர் இன்றும் விசர்ட்ஸிடம்தான் இருக்கிறது.